'டக்' என்று ஒரே ஒரு சத்தம்: செல்ஃப் மோட்டாரை மாற்றுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஐந்து ஆண்டு ஓடிய 150 சி.சி. வண்டி. காலையில் பட்டனைத் தொட்டவுடன் செல்ஃப் எடுக்கிறது. அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, மறுபடி அழுத்தினால் 'டக்' என்று ஒரே ஒரு சத்தம், அதோடு சரி. கிக்கரை உதைத்தால் முதல் உதையிலேயே ஓடுகிறது. பேட்டரி இரண்டு மாதத்துக்கு முன் மாற்றியது. மெக்கானிக் செல்ஃப் மோட்டாரையே மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பணத்தைக் கொடுப்பதற்கு முன் பழுது மோட்டாரில்தான் என்று உறுதிப்படுத்திக்கொள்ள வழி உண்டா என்பதுதான் இதற்குள் இருக்கும் உண்மையான கேள்வி என்று நான் புரிந்துகொள்கிறேன். வழி உண்டு. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்றும், பட்டனை அழுத்திப் பிடிக்க இன்னொருவரும் இருந்தால் அரை மணி நேரத்தில் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும்.

வண்டிகளின் மின்சார வேலையை முறையாகப் பயின்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதையே செய்துவருகிறேன். ஆனாலும் உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை. அந்த 'டக்' சத்தத்தையும் உங்கள் எழுத்தின் வழியாகத்தான் கேட்கிறேன். ஆகவே எது உறுதி, எது என் ஊகம் என்பதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். இன்னொரு எச்சரிக்கையும் தேவை. அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் தனியாகச் செல்ஃப் மோட்டார் கிடையாது. சார்ஜ் செய்யும் மேக்னெட்டே மோட்டாராகவும் மாறி, சத்தமில்லாமல் எஞ்சினைச் சுழற்றிவிடும். கீழே சொல்லப்போவது அவற்றுக்குப் பொருந்தாது. உங்கள் வண்டியில் காலையில் செல்ஃப் எடுக்கும்போது 'கிர்ர்ர்' என்ற பழைய சத்தம் வருகிறது என்று எழுதியிருப்பதால் அது தனி மோட்டார் உள்ள வண்டிதான்.

செல்ஃப் வேலை செய்யும்போது மின்சாரம் இரண்டு வழிகளில் ஓடுகிறது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. ஒன்று மெல்லிய ஒயர்களின் வழி: பேட்டரி, ஃபியூஸ், சாவி, கில் சுவிட்ச், நியூட்ரல் அல்லது கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், கைப்பிடியிலுள்ள பட்டன், கடைசியாக ரிலேயின் (தடித்த ஒயரின் வழியைத் திறந்து மூடும் மின்சுவிட்சின்) சுருள். இந்த வழியில் ஓடுவது சில ஆம்பியர் மட்டுமே. மற்றொன்று தடித்த ஒயரின் வழி: பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ரிலேயின் ஒரு போல்ட், ரிலேக்குள் இருக்கும் செம்புத் தகடு, மறு போல்ட், அங்கிருந்து மோட்டார், மோட்டாரின் உடலிலிருந்து எஞ்சின், எஞ்சினிலிருந்து எர்த் ஒயர் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ். இங்கே ஓடுவது உங்கள் அளவு வண்டியில் 50 முதல் 100 ஆம்பியர் வரை இருக்கலாம். முதல் வழியின் ஒரே வேலை, இரண்டாவது வழியின் கதவைத் திறந்துவிடுவது. அந்தக் கதவு திறக்கும் சத்தம்தான் நீங்கள் கேட்கும் 'டக்'.

ஆகவே அந்தச் சத்தம் ரிலேயிலிருந்துதான் வருகிறது என்றால் பாதி வண்டியை இப்போதே விடுவித்துவிடலாம். சாவி, கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு சுவிட்ச், பட்டன், இவற்றுக்கிடையே உள்ள மெல்லிய ஒயர்கள் எல்லாம் அந்த நேரத்தில் வேலை செய்துவிட்டன. சத்தம் ரிலேயிலிருந்துதான் வருகிறதா என்பதைக் காதால் முடிவுசெய்யாதீர்கள். சீட்டையோ பக்கத்து மூடியையோ கழற்றி, இரண்டு தடித்த ஒயர்கள் ஏறியிருக்கும் சிறு டப்பாவைக் கண்டுபிடித்து, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். உள்ளே ஏதோ தட்டுவது விரலில் தெரியும். அந்தத் தட்டு ஒருமுறை மட்டும் அழுத்தமாக வருகிறதா, 'டகடகடக' என்று நடுங்குகிறதா என்பதும் முக்கியம். நடுங்கினால் பேட்டரியோ அதன் டெர்மினலோ பலவீனம் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம்: கதவு திறந்தவுடன் வோல்டேஜ் விழுகிறது, வோல்டேஜ் விழுந்தவுடன் ரிலே விட்டுவிடுகிறது, விட்டவுடன் வோல்டேஜ் ஏறி மறுபடி பிடிக்கிறது. உங்களுக்கு வருவது ஒற்றைத் தட்டு.

அடுத்தது விளக்கு. பட்டனை அழுத்தும் கணத்தில் டாஷ்போர்டிலுள்ள நியூட்ரல் விளக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். ஹெட்லைட்டைப் பார்க்காதீர்கள், பல வண்டிகளில் செல்ஃப் பட்டனை அழுத்தும்போது ஹெட்லைட்டைத் தானாகவே அணைத்துவிடும் ஏற்பாடு உண்டு, அதைப் பார்த்துப் பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டியவர்கள் நிறையப் பேர். நியூட்ரல் விளக்கு சிறிதும் மங்காமல் நிற்க, ரிலே தட்டினால், தடித்த வழியில் மின்சாரம் ஓடவே இல்லை என்று பொருள். வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. விளக்கு மிகவும் மங்கினால் மின்சாரம் ஓடப் பார்க்கிறது, ஆனால் கொடுக்கிற பேட்டரிக்குத் தெம்பில்லை, அல்லது வாங்குகிற மோட்டார் இறுகியோ ஷார்ட் ஆகியோ கிடக்கிறது. விளக்கு முழுவதுமாக அணைந்து, டாஷ்போர்டே செத்து, சிறிது நேரம் கழித்து உயிர் வந்தால், முதலில் பேட்டரி டெர்மினலில் உள்ள போல்ட்டுகளைச் சோதியுங்கள். இந்த மூன்றில் எது நடக்கிறது என்பதை நீங்கள் எழுதவில்லை. வண்டி சூடாக இருந்து செல்ஃப் எடுக்காத அதே நேரத்தில் இதைப் பார்க்க வேண்டும். மறுநாள் காலையில் பார்ப்பதில் பயனில்லை.

பேட்டரி புதியது என்பதை மட்டும் வைத்து அதை விடுவிக்க நான் தயங்குவேன். ஆசிட் ஊற்றி முதல் சார்ஜை முறையாகப் போடாமல் அப்படியே மாட்டிவிட்ட புதுப் பேட்டரி பிறகு முழுத் திறனுக்கு வருவதே இல்லை. இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் விஷயத்தில் வேறொரு காரணத்தால் பேட்டரியின் மீது எனக்குச் சந்தேகம் குறைவு. இரவு முழுவதும் சும்மா நின்று குளிர்ந்திருக்கும் பேட்டரிக்குத்தான் காலையில் வேலை கடினம். எஞ்சின் ஆயிலும் அப்போதுதான் கெட்டியாக இருக்கும். அந்தக் கடினமான வேலையைச் செய்துவிடும் பேட்டரி, அரை மணி நேரம் சார்ஜ் வாங்கிய பிறகு, இளகிய ஆயில் உள்ள எஞ்சினைச் சுற்ற முடியாமல் போவது முறைக்கு மாறானது. சார்ஜே ஏறவில்லை என்றால் நிலைமை வேறு. அதையும் பார்த்துவிடலாம்: எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கி வைத்துப் பேட்டரியின் இரு முனைகளிலும் அளந்தால் 13.8 முதல் 14.8 வோல்ட் வரைக்குள் இருக்க வேண்டும். 13-க்குக் கீழே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால், சார்ஜைக் கட்டுப்படுத்த வேண்டிய ரெகுலேட்டர் பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது.

வண்டியை நிறுத்தி ஓரிரு மணி நேரம் கழித்து அளந்தால், நல்ல ஈய-அமிலப் பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு சார்ஜ், 12.0 என்றால் ஏறக்குறைய காலி. ஆறு செல்லில் ஒன்று செத்திருந்தால் 10.5-ஐ ஒட்டி நிற்கும். இவை எல்லாம் ஓய்வில் எடுத்த கணக்கு. ஓய்வில் இருக்கும் பேட்டரி பொய் சொல்லும். வேலை கொடுத்தால்தான் உண்மை வெளிவரும். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும்போது பேட்டரியின் முனைகளிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றும் காலை நேரத்தில் எண் 10-க்கு அருகிலோ அதற்கு மேலோ நின்றால் நலம். செல்ஃப் எடுக்காத நேரத்தில் அதே எண் 7, 8 என்று விழுந்தால் பேட்டரியையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். 12.5 என்று இருந்தது 12.3 அளவில் அசையாமல் நின்றால், பேட்டரியிடம் யாரும் எதுவும் கேட்கவே இல்லை என்று பொருள். மேலே சொன்ன மங்காத விளக்கின் கதையை எண்ணால் சொல்வது இது.

இனி தடித்த ஒயரின் வழி. இதில்தான் பெரும்பாலோர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் மீட்டரை ஓம் அளவில் வைத்து ஒயரின் இரு முனைகளையும் தொட்டுப் பார்த்து, 'பீப்' சத்தம் வந்தவுடன் ஒயர் நன்றாக இருக்கிறது என்று எழுந்துவிடுகிறார்கள். நூறு இழைகளில் தொண்ணூற்றெட்டு அறுந்து இரண்டு மிஞ்சியிருந்தாலும் பீப் வரும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு மூட்டில் 0.03 ஓம் தடை இருக்கிறது, 80 ஆம்பியர் ஓட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஓர் இடத்திலேயே 2.4 வோல்ட் கரைந்துபோகும். ஆனால் சாதாரண மீட்டரின் சொந்த ஒயர்களுக்கே இதைவிடப் பல மடங்கு தடை உண்டு, 0.03 ஓம் அதன் கண்ணுக்கே தெரியாது. ஆகவே தடையைத் தேடாதீர்கள், இழப்பைத் தேடுங்கள். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, சந்தேகப்படும் பகுதியின் இரு முனைகளிலும் அதன் இரண்டு குச்சிகளையும் வைத்து, பட்டனை அழுத்தச் சொல்லுங்கள். அந்தப் பகுதி எத்தனை வோல்ட்டைத் தின்கிறது என்பதை மீட்டரே சொல்லிவிடும்.

வரிசையாகச் செய்யலாம். பேட்டரி பாசிட்டிவின் ஈயக் கொம்பிலிருந்து ரிலேயின் முதல் போல்ட் வரை. ரிலேயின் ஒரு போல்ட்டிலிருந்து மறு போல்ட் வரை. அங்கிருந்து மோட்டாரின் டெர்மினல் வரை. பிறகு மோட்டாரின் உடலிலிருந்து பேட்டரி நெகட்டிவின் கொம்பு வரை. ஒவ்வொன்றிலும் 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. பாசிட்டிவ் பக்கம் முழுவதையும் கூட்டினால் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது நான் பின்பற்றும் கணக்கு. குச்சியை ஒயரின் முனையில் வைக்காமல் கொம்பிலும் போல்ட்டின் தலையிலும் வைப்பது முக்கியம், ஏனென்றால் பழுது பெரும்பாலும் ஒயருக்கும் கொம்புக்கும் நடுவில்தான் உட்கார்ந்திருக்கும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இந்தச் சோதனைக்கு மின்சாரம் ஓட வேண்டும். வழி எங்கோ முழுதாக அறுந்திருந்தால், அறுந்த இடம் முழு 12 வோல்ட்டையும் காட்டும், மற்ற இடங்கள் எல்லாம் சுழியம் காட்டி நல்லபிள்ளையாக நடிக்கும்.

எர்த் பக்கத்தை யாரும் மதிப்பதில்லை என்பதால் ஒரு சம்பவம் சொல்கிறேன். பேட்டரி, ரிலே, மோட்டார் மூன்றையும் வரிசையாக மாற்றிவிட்டு, கடைசியில் கைவிடப்பட்ட நிலையில் ஒரு வண்டி என்னிடம் வந்தது. பட்டனை அழுத்தினால் செல்ஃப் முனகி நின்றுவிடும். பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டரை வைத்தேன்; அழுத்தியவுடன் 2.1 வோல்ட். எர்த் ஒயர் எஞ்சினில் ஏறும் போல்ட்டைக் கழற்றினால், அண்மையில் எஞ்சினுக்கு வெள்ளிப் பெயின்ட் அடித்தவர் அந்த இடத்தையும் சேர்த்து அடித்திருந்தார். ஒயரின் வளையம் பெயின்ட்டின்மேல் உட்கார்ந்திருந்தது; போல்ட்டின் மரை வழியாக மட்டுமே மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, வளையத்தையும் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாஸ்லின் தடவினேன். 2.1 என்பது 0.08 ஆனது. கழற்றி ஓரமாக வைத்திருந்த பழைய மோட்டாரை ஆவலில் மாட்டிப் பார்த்தேன். அதுவும் நன்றாகவே சுற்றியது. நானே தவறியதும் உண்டு. ரிலேயிலிருந்து வரும் ஒயரின் வளையம் வெளியே மின்னியதைப் பார்த்துவிட்டு, அதன் ரப்பர் உறையைப் பின்னால் தள்ளிப் பார்க்காமல் விட்டேன். உள்ளே செம்பு இழைகள் பச்சைக் களிம்பேறிப் பொடிப்பொடியாக இருந்தது, ஒரு மோட்டாரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் தெரிந்தது.

ரிலேயைப் பற்றி இன்னும் கொஞ்சம். 'டக்' என்று தட்டுவதால் ரிலே நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. தட்டுவது உள்ளே இருக்கும் காந்தம்; மின்சாரத்தைக் கடத்துவது செம்புத் தகடு. ஒவ்வொரு முறையும் பொறி பறந்து பறந்து அந்தத் தகட்டின் முகம் கருகியிருந்தால் தட்டும், ஆனால் கடத்தாது. பட்டனை அழுத்தியிருக்கும்போது இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே 12 வோல்ட் அப்படியே நிற்கிறது, தட்டும் சத்தமும் கேட்கிறது என்றால் பழுது ரிலேயில்தான். இதில் ஐயத்துக்கு இடமில்லை.

இதே இரண்டு போல்ட்டுகளில், பட்டனைத் தொடாமலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. உங்கள் வண்டிக்கு மீட்டரை வைத்து நான் முதலில் செய்யச் சொல்வது அதைத்தான். சாவியை அணைத்துவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து இரண்டு போல்ட்டுகளையும் தொடுங்கள். ஒரு போல்ட்டில் பேட்டரியின் பாசிட்டிவ் இருக்கிறது. மறு போல்ட் மோட்டாரின் சுருள் வழியாக எஞ்சினைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அதாவது அது எர்த். ஆகவே பேட்டரியின் முழு வோல்டேஜும் தெரிய வேண்டும். தெரியவில்லை, சுழியமோ நிலையில்லாத ஏதோ ஓர் எண்ணோ வருகிறது என்றால், ரிலேக்கு அப்பால் ஒயரோ மோட்டாரின் கார்பனோ (சுழலும் பகுதியில் உரசி அதற்கு மின்சாரம் கொடுக்கும் துண்டு) விட்டுப்போயிருக்கிறது, உறுதி. இதன் மறுபக்கம் உறுதியில்லை: கார்பன் நூலிழையில் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டிவிடும், ஏனென்றால் மீட்டர் கேட்பது மிகமிகச் சிறிய மின்சாரம். ஆக, எண் வராவிட்டால் மோட்டாரின் பக்கம் குற்றம் நிரூபணம். எண் வந்தால் மோட்டார் நிரபராதி என்று ஆகாது. காலையில் ஒருமுறையும், சூடாகி 'டக்' மட்டும் வரும் நேரத்தில் ஒருமுறையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

சூட்டில் மட்டும் ஏன் என்பது உங்கள் கேள்வியின் சுவையான பகுதி. ரிலேயும் பேட்டரியும் சீட்டுக்கடியில் ஓரளவு குளிர்ச்சியாகவே இருக்கின்றன. எஞ்சினின் சூட்டை நேரடியாக வாங்குபவை மூன்று: மோட்டார், அதன்மேல் ஏறும் ஒயரின் முனை, எஞ்சினில் ஏறும் எர்த்தின் முனை. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் சுமார் 0.4 சதவீதம் ஏறும். 60 டிகிரி கூடினால் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கும். நல்ல மோட்டாரை இது ஒன்றும் செய்யாது. ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் மோட்டாரைத் தள்ளிவிட இது போதும். கார்பன் தேய்ந்து, ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்து, கார்பன் தூளும் கசிந்த ஆயிலும் கலந்த பசை அதன் கூட்டில் அடைத்துக்கொண்டால், சூட்டில் விரிந்த கார்பன் அங்கேயே சிக்கிக்கொள்வதும் உண்டு. அச்சின் முனையைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுழலும் பகுதியான ஆர்மேச்சர் காந்தத்தில் உரசத் தொடங்கினாலும் சூட்டில்தான் அது மோசமாகும். இவை ஊகங்கள், அனுபவத்தில் அடிக்கடி உண்மையாகிவிடும் ஊகங்கள் என்பதால் உங்கள் மெக்கானிக் சொன்னதை நான் தள்ளிவிடவில்லை. அவர் விரல் நீட்டிய திசை சரியாக இருக்கலாம். ஆனால் அதே சூடு அந்த இரண்டு ஒயர் முனைகளையும் தாக்குகிறது; அவற்றை அளக்காமல் மோட்டார்தான் என்று சொல்ல முடியாது.

மோட்டாரில் கார்பன் சிக்கியிருக்கிறதா என்பதற்குப் பழைய வழி ஒன்று உண்டு. பட்டனை அழுத்திப் பிடிக்கச் சொல்லி, ஸ்பானரின் பின்பக்கத்தால் மோட்டாரின் உடலில் இரண்டு முறை மெதுவாகத் தட்டினால், சிக்கிய கார்பன் விடுபட்டு மோட்டார் சுற்றிவிடும். சுற்றினால் கார்பன் பக்கம்தான் வேலை. மெதுவாக என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காந்தங்கள் பீங்கான் போன்றவை, ஓங்கி அடித்தால் உடைந்துவிடும், பிறகு நிச்சயமாகப் புது மோட்டார்தான்.

ரிலேயின் இரண்டு போல்ட்டுகளையும் ஸ்குரூடிரைவரால் தொட்டுப் பார்க்கும் வழக்கமும் உண்டு. தகவல் கிடைக்கும், கையும் சுடும். செய்தே ஆக வேண்டுமென்றால் ஸ்குரூடிரைவருக்குப் பதில் தடித்த ஜம்பர் ஒயரை எடுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும், சாவி அணைந்திருக்க வேண்டும், பெட்ரோல் வாடை எங்கும் வரக் கூடாது, பேட்டரிக்கு மிக அருகில் பொறி பறக்கக் கூடாது. சார்ஜ் ஏறிய பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். தொட்டவுடன் மோட்டார் சுற்றினால் பழுது ரிலேயில். பொறியே வராவிட்டால் ரிலேக்கு அப்பால் வழி அறுந்திருக்கிறது. பெரிய பொறி வந்தும் மோட்டார் அசையாவிட்டால் மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது ஷார்ட்.

எடுக்காத செல்ஃபை மேலும் மேலும் அழுத்திப் பார்ப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். சார்ல்ஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் கேடிலாக் கார்களில் வந்தது. எஞ்சினைச் சுற்ற மிகப் பெரிய மோட்டார் வேண்டும் என்று பிறர் நினைத்துக்கொண்டிருந்தபோது, சின்ன மோட்டாரைச் சில வினாடிகள் மட்டும் அதன் அளவுக்கு மீறி வேலை வாங்கலாம் என்பதை அவர் அதற்கு முன் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் அமைத்தபோதே கண்டிருந்தார். இன்றைய செல்ஃபும் அதே தத்துவத்தில்தான் ஓடுகிறது: அது எப்போதும் சக்திக்கு மீறித்தான் உழைக்கிறது, ஆகவே ஐந்து வினாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, இரண்டு முயற்சிகளுக்கு நடுவே அரை நிமிடமாவது ஆற விட வேண்டும். சுற்றாமல் நிற்கும் மோட்டாரில் மின்சாரம் ஓடினால், சுற்றும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு ஓடும். கிக்கரால் ஓட்டிக்கொண்டிருப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை.

இதே தேடலோடு வேறு அறிகுறி உள்ளவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தச் சத்தமுமே இல்லையென்றால் மெல்லிய வழியைப் பாருங்கள்: கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்டு, கிளட்ச் சுவிட்ச், பிறகு ஃபியூஸ். மோட்டார் 'ஙொய்' என்று வெறுமனே சுழன்று எஞ்சின் திரும்பாவிட்டால், மோட்டாரின் சுழற்சியை எஞ்சினுக்குக் கொடுக்கும் ஒன்வே கிளட்ச் வழுக்குகிறது. அதற்கு எஞ்சினின் பக்க மூடியைத் திறக்க வேண்டும், மோட்டாரை மாற்றிப் பயனில்லை. பட்டனை விட்ட பிறகும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தால் ரிலேயின் தகடு உருகி ஒட்டிவிட்டது. சாவியை அணைத்தாலும் நிற்காது, உடனே பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும்.

உங்கள் வண்டிக்குத் திரும்பினால், நான் செய்யும் வரிசை இதுதான். அரை மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி, 'டக்' மட்டும் வரும் நிலைக்குக் கொண்டுவந்து, நியூட்ரல் விளக்கைப் பார்ப்பேன். ரிலேயின் போல்ட்டுகளில் ஓய்வு நிலை எண்ணை எடுப்பேன். பிறகு அழுத்திப் பிடித்தபடி பேட்டரி, ரிலே, மோட்டார் டெர்மினல், எர்த் என்று நான்கு எண்களை எழுதிக்கொள்வேன். மோட்டாரின் டெர்மினலுக்கும் அதன் உடலுக்கும் இடையே 10 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் அது சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரில் கை வைப்பேன்.

அப்போதும் முழு மோட்டாரை வாங்குவது கடைசி வழிதான். கழற்றித் திறந்து பாருங்கள் அல்லது திறந்து காட்டச் சொல்லுங்கள். பல மோட்டார்களில் இரண்டு நீண்ட போல்ட்டுகள்தான் அதைப் பிடித்திருக்கின்றன. திறப்பதற்கு முன் உடலுக்கும் இரு மூடிகளுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள்; ஆர்மேச்சரின் இரு முனைகளிலும் உள்ள வாஷர்கள் எத்தனை, எந்த வரிசை என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கார்பனின் குறைந்தபட்ச நீளம் உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் கார்பனும் ஸ்பிரிங்கும் மட்டும் மாற்றினால் போதும், அவை பல வண்டிகளுக்குத் தனியாகக் கிடைக்கின்றன. கார்பன் உரசும் செம்புப் பட்டைகளாலான கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் சுற்றித் தேய்த்து, செம்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளங்களில் அடைந்த தூளைக் கவனமாகக் கீறி எடுக்க வேண்டும். அடுத்தடுத்த பட்டைகளுக்கிடையே மீட்டர் பீப் அடிக்க வேண்டும். எந்தப் பட்டைக்கும் நடு அச்சுக்கும் இடையே பீப் வரக் கூடாது. வந்தால் ஆர்மேச்சர் போய்விட்டது. அப்போது மெக்கானிக் சொன்னபடி மோட்டாரை மாற்றிவிடுங்கள். உள்ளே ஆயில் இருந்தால் அச்சின் சீலையும் ஓ-ரிங்குகளையும் மாற்றாமல் மூடாதீர்கள், புதுக் கார்பனும் அதே பசையில் சிக்கும்.

கழற்றத் தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் ஒயர்தான் முதலில் வெளியே வர வேண்டும், மாட்டும்போது அதுவே கடைசி. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவில் வைத்த ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டால், மோட்டாரைப் பற்றிய இந்தக் கேள்வியைவிடப் பெரிய வேலை ஒன்று உங்கள் கைக்கு வந்துவிடும்.